தீயணைப்பும் ஒரு கல்வியே

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த நாள் முதலாக, நம்மைக் காண்போர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “மேலே என்ன படிக்கப் போகிறாய்?” திருமண வீட்டிலும் கேட்கிறார்கள், காய்கறிக் கடையிலும் கேட்கிறார்கள். டாக்டர், எஞ்சினியர், ஆடிட்டர், கம்ப்யூட்டர், ஆசிரியை என்று நாமும் ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பித்துக் கொள்கிறோம். “தீயணைப்பு அதிகாரி” என்று நான் சொன்னபோது என் பெரியம்மா, நான் வேடிக்கை செய்கிறேன் என்றெண்ணிச் சிரித்தார். “அதற்கெல்லாம் படிப்பு வேறு உண்டா? தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டியதுதானே!” என்றார்.

படிப்பு உண்டு என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. அந்தப் படிப்பு எங்கே இருக்கிறது, அதில் பெண்களுக்கு இடம் எவ்வளவு என்பனவற்றையும், நான் தேடி அறிந்த அளவில், இங்கே எழுதுகிறேன். பெற்றோர்களும் இதனைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் தண்ணீர் விஷயத்தையே எடுத்துக் கொள்வோம். எந்தத் தீயையும் தண்ணீர் அணைத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சென்ற ஏப்ரல் மாதம் தீத்தொண்டு வாரத்தின்போது, நம் பள்ளி மைதானத்தில் தீயணைப்பு வீரர்கள் செய்து காட்டிய செயல்விளக்கத்தைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஒரு வாணலியில் எண்ணெயைக் காயவைத்துத் தீப்பற்றச் செய்தார்கள். நீண்ட கழியின் முனையில் கட்டிய குவளையிலிருந்து ஒரே ஒரு குவளைத் தண்ணீரை அதில் ஊற்றினார்கள். அவ்வளவுதான்! தீப்பிழம்பு ஓர் ஆள் உயரத்திற்கு மேல் எழும்பியது. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஆறாம் வகுப்புச் சிறுமிகள் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். பிறகு அதே வாணலியில் மீண்டும் தீ மூட்டி, நனைத்துப் பிழிந்த சாக்கு ஒன்றை மெதுவாக மேலே போர்த்தினார்கள். சத்தமே இல்லாமல் தீ அணைந்துவிட்டது.

இதற்குக் காரணம் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிறது. எரியும் எண்ணெயோ 300 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் இருக்கிறது. எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, நொடிப்பொழுதில் நீராவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிகிறது. விரியும் ஆவி, எரிகின்ற எண்ணெயைத் துளித்துளியாக வெளியே வாரி இறைக்கிறது. ஒவ்வொரு துளியும் காற்றோடு கலந்து எரிகிறது. ஈரச்சாக்கு செய்தது வேறு. தீ உயிர் வாழ எரிபொருள், வெப்பம், பிராண வாயு ஆகிய மூன்றும் வேண்டும். இவை மூன்றும் முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் போன்றவை. சாக்கு அவற்றில் காற்று என்னும் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டது. எந்தத் தீயில் எந்தப் பக்கத்தை எடுப்பது என்பதை அறிவதே தீயணைப்புக் கல்வியின் அரிச்சுவடி.

ஆகவே தீயையும் வகை பிரித்திருக்கிறார்கள். மரம், துணி, காகிதம் போன்றவற்றில் பற்றுவது ஒரு வகை. தண்ணீர் ஏற்றது இதற்கே. பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்ற திரவங்களுக்கு நுரை வேண்டும். எரிவாயுவானால் முதலில் வாயு வருவதை நிறுத்த வேண்டும். மெக்னீசியம் போன்ற உலோகங்கள் எரியும்போது தண்ணீர் ஊற்றினால், தண்ணீரே பிரிந்து ஹைட்ரஜனாகித் தீக்கு உணவாகிவிடும்! மின்சாரம் ஓடும் இடத்தில் மெயின் சுவிட்சை அணைக்காமல் தண்ணீர் அடிப்பவருக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டு சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அது மேலே போகாமல் தரையோடு தரையாகப் படியும். வாசனை வந்தால் ஜன்னலை மட்டுமல்ல, கதவையும் திறக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அப்போது விளக்கைப் போடவும் கூடாது, எரிகின்ற விளக்கை அணைக்கவும் கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும். (அந்த வாசனைகூட வாயுவின் இயற்கை மணம் அன்று, கசிவை நாம் அறிவதற்காகவே சேர்க்கப்படுவது.)

இவ்வளவும் இரசாயனம். இனிக் கட்டடக் கலைக்கு வருவோம்.

2017-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி விடியற்காலையில், தியாகராய நகர் உஸ்மான் சாலையில் உள்ள சென்னை சில்க்ஸ் ஜவுளிக் கடையில் தீப்பிடித்ததை நம் பெற்றோர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் அப்போது சிறு குழந்தை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தபோது, இரயில் பாதைக்கு அப்பால் கரும்புகை ஒரு சுவரைப்போல் நின்றது மட்டும் நினைவில் இருக்கிறது. ஏழு மாடிக் கட்டடம் அது. உள்ளே சிக்கியிருந்த ஊழியர்கள் மீட்கப்பட்டனர். ஆனால் தீ ஒரு நாளுக்கு மேலாகியும் அடங்கவில்லை. மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. பின்னர் முழுவதையும் இடித்தே தீர்க்க வேண்டியதாயிற்று. அத்தனை வண்டிகளும் அத்தனை தண்ணீரும் இருந்தும் ஏன் அணைக்க முடியவில்லை என்று அன்று ஊரெல்லாம் கேட்டது.

தீயணைப்புப் படிப்பில் இதற்கு விடை இருக்கிறது. குளிர்சாதன வசதிக்காக நாற்புறமும் மூடப்பட்ட கட்டடத்தில் புகை வெளியேற வழியில்லை. வீரர்கள் சுவரை உடைத்து வழி செய்ய வேண்டியிருந்தது. புகை நிறைந்த அறையில் கையை நீட்டினால் கை தெரியாது. தெருவிலிருந்து பீய்ச்சும் தண்ணீர், தீயின் வேர் இருக்கும் இடத்திற்குப் போய்ச் சேராது. தீ நீடிக்க நீடிக்கச் சூடு ஏறும். காங்கிரீட்டிற்குள் இருக்கும் எஃகுக் கம்பி, சுமார் 550 டிகிரியில் தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். அதாவது கம்பி உருக வேண்டியதில்லை; அதற்கு வெகு முன்பே கட்டடம் தளர்ந்துவிடும். வீரர்களை உள்ளே அனுப்பலாமா, எப்போது வெளியே அழைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இழப்பு துணியும் நகையும் மட்டும் அன்று.

மாடிக் கட்டடத் தீ நம் நகருக்குப் புதிதும் அன்று. அண்ணா சாலையில் நாம் தினமும் பஸ்ஸில் கடந்து செல்கின்ற எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது. 1975 ஜூலை 11-ஆம் தேதி அதில் பெருந்தீ மூண்டது. உயரமான கட்டடத்தில் மாடிப்படி வழியும் மின்தூக்கி வழியும் புகைபோக்கியைப்போல் வேலை செய்யும். கீழே பிறந்த தீயின் சூடும் புகையும் அவ்வழியே மேலேறும். எனவேதான் தீ விபத்தின்போது மின்தூக்கியில் ஏறக்கூடாது என்றும், மாடிப்படிக் கதவுகளைச் சாத்தி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நம்மில் பலர் காற்று வரட்டும் என்று அந்தக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வைக்கிறோம்!

தீயைவிடப் புகையே அதிகம் பேரைக் கொல்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எரிவது அரைகுறையாக நடக்கும்போது கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராண வாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இதனைப் பற்றிக்கொள்ளும். மயங்கி விழுபவருக்குத் தான் மயங்கப் போவதே தெரியாது. எனவேதான் வீரர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அதில் இருப்பது தூய பிராண வாயு என்று நான் நினைத்திருந்தேன்; இல்லை, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான். எரியும் அறைக்குள் பிராண வாயுவைச் சுமந்துகொண்டு யாராவது போவார்களா? அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் வரும் அந்தக் காற்று, பயந்து வேகமாக மூச்சு விடுபவருக்கு இன்னும் சீக்கிரமே தீர்ந்துபோகும். அமைதியாக மூச்சு விடக் கற்பதும் பயிற்சியில் ஒரு பாடம்.

இனி, இவற்றையெல்லாம் எங்கே கற்பது?

இந்தியாவில் இதற்கென்று உள்ள முதன்மையான கல்லூரி, மகாராஷ்டிரத்தில் நாகபுரியில் இருக்கும் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. 1956-இல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் தொடங்கி, பின்னர் நாகபுரிக்கு வந்தது. இப்படி ஒரு கல்லூரியின் தேவையை நம் நாடு ஒரு பெரும் துயரத்தின் வழியாக முன்பே உணர்ந்திருந்தது. 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பலில் தீப்பிடித்தது. அதில் பஞ்சுப் பொதிகளும் இருந்தன. சுமார் 1,400 டன் வெடிமருந்தும் இருந்தது! அணைக்கச் சென்ற வீரர்களில் 66 பேர், கப்பல் வெடித்தபோது உயிர் நீத்தனர். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளாகவும், அன்று தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாகவும் அனுசரிக்கப்படுகின்றன. நம் மைதானத்தில் வாணலி வைத்துக் காட்டியதன் பின்னால் இத்தனை பேருடைய நினைவு இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாகபுரியில் தீப் பொறியியல் பட்டப்படிப்பு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றும் படித்திருக்க வேண்டும்; நுழைவுத் தேர்வும் உண்டு. இதோடு முடிந்துவிடவில்லை. உடல் அளவும் பார்க்கிறார்கள். பெண்களுக்கு உயரம் குறைந்தது 157 சென்டிமீட்டர், எடை 46 கிலோ. கண்பார்வையும் குறைவின்றி இருத்தல் வேண்டும். நான் இப்போது 154 சென்டிமீட்டர் இருக்கிறேன். இயற்பியலைப் படித்துவிடலாம், இந்த மூன்று சென்டிமீட்டருக்கு எந்த டியூஷனில் சேர்வது! உடற்பயிற்சி ஆசிரியை, “பதினெட்டு வயது வரை நேரம் இருக்கிறது, ஸ்கிப்பிங் ஆடு, பால் குடி” என்று தைரியம் சொல்லியிருக்கிறார்கள். கேரளத்தில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், பாதுகாப்பு மற்றும் தீப் பொறியியல் என்ற பி.டெக். படிப்பு இருக்கிறது. கண்ணாடி அணிந்த தோழியர் அதனையும் விசாரித்துப் பார்க்கலாம்.

நாகபுரிக் கல்லூரி தொடங்கி நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் பட்டப்படிப்பில் ஒரு பெண்கூடச் சேரவில்லை. 2002-ஆம் ஆண்டில் ஹர்ஷினி கன்ஹேகர் என்ற நாகபுரிப் பெண் அங்கே சேர்ந்தார். விதியில் பெண்கள் சேரக்கூடாது என்று எழுதியிருக்கவில்லை. யாரும் விண்ணப்பிக்கவில்லை, அவ்வளவே. ஆனால் மாணவர் அனைவரும் விடுதியில் தங்கியே படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெண்கள் விடுதி இல்லை. வீட்டிலிருந்து வந்து படிக்க அவருக்கு மட்டும் தனி அனுமதி பெற வேண்டியதாயிற்று. மற்ற மாணவர் தூக்கிய அதே கனமான ஹோஸ் குழாயை அவரும் தூக்கினார்; அதே ஏணியில் ஏறினார். படிப்பு முடிந்து, எண்ணெய் எரிவாயுக் கழகத்தில் தீப் பொறியாளராகப் பணியில் சேர்ந்தார். எண்ணெய்க் கிணற்றில் தீப்பிடித்தால் அணைக்கும் வேலை! ஒரு விடுதி இல்லாமையால் எத்தனை பெண்கள் விண்ணப்பத்தாளையே வாங்காமல் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னையில் தீயணைப்புப் படை 1908-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. இன்று அது ‘தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை’. பெயரில் மீட்பு என்ற சொல் சும்மா சேரவில்லை. வெள்ளத்தில் சிக்கியோர், கிணற்றில் விழுந்தோர், இடிபாட்டில் அகப்பட்டோர் அனைவரையும் மீட்பது அவர்கள் கடமை. கிணற்றில் விழுந்த மாட்டுக்கும், வீட்டில் புகுந்த பாம்புக்கும்கூட 101 என்ற எண்ணைத்தான் அழைக்கிறோம். (112 என்ற பொது எண்ணை அழைத்தாலும் உதவி வரும்.) 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரையோரம் வாழ்ந்தவர்களிடம் படகுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

இத்துறையில் சேர மூன்று வாசல்கள் இருக்கின்றன எனலாம். மேல் வாசல், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 1 தேர்வு. துணை ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர் பதவிகளுக்கு நடத்தும் அதே தேர்வில், தீயணைப்புத் துறை மாவட்ட அலுவலர் பதவியும் அடங்கியிருக்கிறது. பட்டம் பெற்றவர்கள் எழுதலாம், உடல்தகுதியும் பார்ப்பார்கள். நடு வாசல், நிலைய அலுவலர் பதவி. இதற்கும் பட்டம் வேண்டும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இதனை நடத்துகிறது. ஒவ்வோர் அறிவிப்பு வரும்போதும் பெண்களுக்கு எத்தனை இடம் என்பதை அதில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வாசல், தீயணைப்போர் பணி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் உண்டு. தேர்வானவர்களுக்குத் தாம்பரத்தில் துறையின் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஹோஸை உருட்டி விரிப்பது, பம்பு இயக்குவது, முடிச்சுப் போடுவது, ஏணி நிறுத்துவது, மயங்கியவரைத் தோளில் சுமந்து இறங்குவது என்று அங்கே ஆளை உருவாக்குகிறார்கள்.

மேல் வாசல் வழியே பெண்கள் நுழைந்தது 2003-ஆம் ஆண்டில். பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் ஆகிய இருவரும் குரூப் 1 தேர்வில் வென்று, தமிழ்நாட்டின் தீயணைப்பு அதிகாரிகள் ஆயினர். இந்தியாவிலேயே முதல் பெண் தீயணைப்பு அதிகாரிகளுள் இவர்கள் இருவரும் வைத்து எண்ணப்படுபவர்கள். அலுவலகத்தில் அமர்ந்து கையெழுத்திடும் அதிகாரிகளாக இருந்துவிடுவார்கள் என்று யாரேனும் நினைத்திருந்தால், 2012-ஆம் ஆண்டு அதற்கு விடை சொல்லியது.

அவ்வாண்டு ஜனவரி 16, பொங்கல் விடுமுறைக் காலம். சேப்பாக்கத்தில் கடற்கரைச் சாலையை ஒட்டி நிற்கும் எழிலக வளாகத்தில் கலச மகால் இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதி; பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். பழைய மர உத்தரங்கள். அரசு அலுவலகக் காகிதக் கட்டுகள். நள்ளிரவுக்குப் பின் அதில் தீ மூண்டது. பிரியா ரவிச்சந்திரன் தம் வீரர்களோடு அங்கே விரைந்தார். தீயோடு போராடிக் கொண்டிருக்கையில் கூரை இடிந்து அவர்கள் மீது விழுந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் துறந்தார். அதிகாரி பிரியா கடுமையான தீக்காயங்களோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நெடுநாள் சிகிச்சைக்குப் பிறகு அவர் செய்தது என்ன தெரியுமா? அதே துறைக்குத் திரும்பி, அதே சீருடையை அணிந்துகொண்டார். வீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அந்தக் கலச மகால் இன்று பழைய அழகோடு புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. கடற்கரைக்குப் போகும் தோழியர் அதன் சிவந்த சுவர்களைப் பார்க்கும்போது, அந்த இரவையும் எண்ணிக்கொள்ளலாம்.

இப்போது நான் சொல்லவிருப்பது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். மேல் வாசலில் பெண் நுழையலாம் என்றேன். கடைசி வாசலில்? 2025-இல் வெளியான சீருடைப் பணியாளர் தேர்வு அறிவிப்பைப் படித்துப் பார்த்தேன். காவலர் பணிக்குப் பெண்கள் வரலாம். சிறைக் காவலர் பணிக்கும் வரலாம். தீயணைப்போர் பணி மட்டும் ஆண்களுக்கே! அதாவது எரியும் கட்டடத்தின் முன் நின்று நூறு வீரர்களுக்கு ஆணையிட ஒரு பெண்ணால் முடியும் என்று அரசு ஒப்புக்கொள்கிறது. அந்த நூறு பேரில் ஒருத்தியாக ஹோஸைப் பிடிக்க மட்டும் அவளால் முடியாதாம். பட்டம் பெறும் வரை படிக்க வைக்க வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்கு, பத்தாம் வகுப்போடு கிடைக்கக்கூடிய ஒரு கௌரவமான அரசு வேலை இது. என் தாழ்மையான கருத்தில் இது நியாயமாகத் தோன்றவில்லை.

இதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தபோது என் பாட்டி, “பெண்பிள்ளைக்கு அவ்வளவு பலம் ஏது?” என்றார். தண்ணீர் நிரம்பிய ஹோஸ் மிகவும் கனமானது, உண்மைதான். அதனை ஓர் ஆணும் தனியே பிடிப்பதில்லை. ஒருவர் பின் ஒருவராக இருவர் மூவர் சேர்ந்தே பிடிக்கிறார்கள். தகுதித் தேர்வை வைத்து, அதில் தேறும் பெண்ணை எடுத்துக்கொள்ளட்டுமே! தோற்றால் வீட்டுக்கு அனுப்பட்டும். பாட்டியிடம் இன்னொன்றும் சொன்னேன். குழாயில் தண்ணீர் வராத நாட்களில், இவர் தம் இளமையில் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குடம் தண்ணீரை மூன்றாம் மாடிக்குச் சுமந்தவர்தாமே! பாட்டி சிரித்துவிட்டார். இசைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில் பெண் தீயணைப்பு வீரர்களின் முதல் அணி 2024-இல் பயிற்சி முடித்து வெளிவந்தது. மும்பையில் அதற்கு முன்பிருந்தே பெண்கள் இப்பணியில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் இந்தக் கதவு 1976-இல் திறந்தது. கிழக்கு சசெக்ஸ் தீயணைப்புப் படையில் அவ்வாண்டு சேர்ந்த மேரி ஜாய் லாங்டன் என்ற இளம்பெண்தான், அந்நாட்டின் முதல் பெண் தீயணைப்பு வீரர் என்று போற்றப்படுபவர். அவர் பின்னர் என்ன ஆனார் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்புக்கு அளவில்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்து அருட்சகோதரி ஆனார்! 1989-இல் இலண்டனில் உடற்குறையுள்ள பிள்ளைகளுக்குக் குதிரைச் சவாரி கற்பிக்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். நம் சகோதரிகளிடம் இதைச் சொன்னபோது ஒரு சகோதரி, “நாங்களும் தினம் தினம் தீ அணைத்துக்கொண்டுதானே இருக்கிறோம், ஒன்பதாம் வகுப்பில்!” என்றார்கள்.

தீயணைப்புக் கல்வி கற்றவர்களுக்கு அரசுத் துறை ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். மீனம்பாக்கம் விமான நிலையத்திலும் தனியே தீயணைப்புப் பிரிவு உண்டு. ஓடுபாதையின் எந்த மூலையில் விபத்து நேர்ந்தாலும், மூன்று நிமிடத்திற்குள் வண்டி அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேச விதி. விமானத்தின் எரிபொருள் அவ்வளவு வேகமாக எரியும். விமான நிலைய ஆணையத்தின் முதல் பெண் தீயணைப்பு வீரராகக் கொல்கத்தாவைச் சேர்ந்த தானியா சன்யால் 2018-இல் பணியில் சேர்ந்தார். அங்கே சேர விரும்புவோர் கனரக வாகனம் ஓட்டும் உரிமமும் பெற வேண்டியிருக்கும். ஸ்கூட்டிக்கே அனுமதி தராத பெற்றோர்கள் இதைக் கவனிக்கவும்!

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், மின் நிலையங்கள், துறைமுகங்கள், பெரிய தொழிற்சாலைகள் ஆகியவற்றிலும் பாதுகாப்பு அதிகாரிகள் வேண்டும். இதற்கான கல்வி நமக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. அடையாற்றைத் தாண்டித் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிலையத்தில், மத்திய அரசு தொழிற் பாதுகாப்பில் உயர் பட்டயப் படிப்பு ஒன்றை நடத்துகிறது. பொறியியல் போன்ற தகுதி பெற்றபின் சேரும் ஓராண்டுப் படிப்பு அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. “ஆறே மாதத்தில் ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ, வேலை உறுதி, வெளிநாடு நிச்சயம்” என்று சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் உறவினர் ஒருவரின் மகன் அப்படி ஓரிடத்தில் பெரும் பணம் கட்டிப் படித்தான். சான்றிதழில் தங்க நிற முத்திரை இருந்தது; அது எந்த அரசுத் தேர்வுக்கும் செல்லாது என்பது பிறகே தெரிந்தது. எல்லா நிலையங்களும் அப்படி என்று சொல்லவில்லை. அங்கீகாரம் அளித்தது யார், அந்தச் சான்றிதழை எந்தத் துறை ஏற்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். தீயணைப்போர் பணிக்குப் பத்தாம் வகுப்பே போதும்; அதற்கென்று ஆறு மாத டிப்ளமோ யாரும் கேட்பதில்லை.

ஏன் இவ்வளவு ஆர்வம் என்று நீங்கள் கேட்கலாம். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில், பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் இறந்தார்கள். நான் பிறப்பதற்கு முன் நடந்தது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் செய்தித்தாளில் வரும் படங்களை அம்மா எனக்குக் காட்டாமல் மடித்து வைத்துவிடுவார். எட்டாம் வகுப்பில் ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டேன். அந்தப் பள்ளிக்குத் தீ பற்றிப் படித்த ஒருவர் ஒரே ஒரு முறை முன்கூட்டியே வந்து, அடுப்பையும் கூரையையும் குறுகிய படிக்கட்டையும் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தீயணைப்பு அதிகாரியின் வேலையில் பெரும்பகுதி இதுதான் என்று பிறகு படித்தேன். தீ வராத நாட்களில் கட்டடங்களைப் பார்வையிட்டு, வழி போதாது, கதவு திறக்கவில்லை, இதை மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுப்பது. பத்திரிகையில் படம் வராத வேலை.

வருகிற ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தை நிரப்பும்போது, இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பையே எழுதப் போகிறேன். நாகபுரிக்கு உயிரியல் தேவையில்லையே என்று அப்பா கேட்டார். புகையில் மயங்கியவரை வெளியே தூக்கி வந்தபின், அவருடைய இரத்தத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?